முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் அம்மா

கேள்வி: எனக்கு வயது 31, அம்பாசமுத்திரம். அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, 56 வயதில் இப்போது நன்றாக இருக்கிறார். பெரியம்மா சினைப்பைப் புற்றுநோயில் 51 வயதில் இறந்துவிட்டார். ஆச்சிக்கும் வயிற்றில் கட்டி இருந்ததாகச் சொல்வார்கள். லேபில் ஜீன் டெஸ்ட் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமாமே, நான் எடுக்கலாமா? தங்கைக்கு (26) வரும் தை மாதம் தாய்மாமன் மகனோடு கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். "இந்த நேரத்தில் இதையெல்லாம் கிளறாதே" என்கிறார் அப்பா.

பதில்: எடுக்கலாம். ஆனால் முதல் ஆள் நீங்கள் இல்லை, அம்மா.

காரணம் சொல்கிறேன். நீங்கள் நேராக லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்து, "மாற்றம் எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. அம்மாவிடம் உள்ள மரபணுக் கோளாறு உங்களுக்கு வரவில்லை என்று இருக்கலாம், அப்படியானால் நிம்மதி. அல்லது உங்கள் குடும்பத்து நோய்க்குக் காரணமான மரபணு அந்தச் சோதனையில் பிடிபடாத ஒன்றாக இருக்கலாம். அப்படியானால் அந்த ரிப்போர்ட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எது என்று சொல்ல, நோய் வந்தவரின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அம்மாவிடம் குறிப்பிட்ட ஒரு மாற்றம் கிடைத்துவிட்டால், அப்புறம் உங்களுக்கும் தங்கைக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். செலவும் வெகுவாகக் குறையும், பதிலும் தெளிவாக வரும்.

மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்தது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு வந்தாலே எல்லோரும் டெஸ்டுக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கதை வேறு. 50 வயதுக்குள் மார்பகம், கூடப் பிறந்தவருக்குச் சினைப்பை. இந்த ஜோடியைப் பார்த்ததும் நாங்கள் முதலில் நினைப்பது பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்களை. செல்லில் ஏற்படும் பழுதைச் சரிசெய்வது இவற்றின் வேலை. இவற்றில் கோளாறோடு பிறந்த பெண்களில், 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 100-க்கு ஏறக்குறைய 60 முதல் 70 பேர். சினைப்பைப் புற்றுநோய், முதல் மரபணுவில் கோளாறு என்றால் 100-க்கு 40 பேரளவில். இரண்டாவதில் அதைவிட நன்றாகவே குறைவு. எப்படிப் பார்த்தாலும் எல்லோருக்கும் வருவதில்லை.

அம்மாவிடம் இருந்தால் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. தங்கைக்கும் தனியாகச் சரிபாதி. "அக்காவுக்கு இருக்கிறது, அப்போ தங்கை தப்பித்தாள்" என்று கணக்குப் போடக் கூடாது. தம்பி, அண்ணன் இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான். பெண்கள் நோய்தானே, அப்பா வழியில் வராது என்று நம் பக்கத்தில் படித்தவர்களே சொல்கிறார்கள். தவறு. ஆண்கள் இதைச் சுமந்து மகளுக்குக் கொடுக்கலாம். அவர்களுக்கே புராஸ்டேட் புற்றுநோயும், அபூர்வமாக மார்பகப் புற்றுநோயும் வரலாம்.

இங்கேதான் தங்கை கல்யாணம் வருகிறது. அம்மாவுக்குக் கோளாறு இருந்தால் அது ஆச்சி, தாத்தா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தது. அப்படியானால் உங்கள் மாமாவுக்கும் இருக்கலாம், அவர் மகனுக்கும் இருக்கலாம். மணமக்கள் இருவரிடமும் அதே கோளாறு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் அது சேர 4-க்கு 1 வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ.2 அப்படிச் சேர்ந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும். சிறு வயதிலேயே எலும்பு மஜ்ஜை செயலிழந்துபோகும். பி.ஆர்.சி.ஏ.1 என்றால் பெரும்பாலும் கரு தங்குவதே இல்லை. இருவரிடமும் இருக்க வாய்ப்பு சிறியதுதான். கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் ரிப்போர்ட் வர பொதுவாக மூன்று, நான்கு வாரம் ஆகும். அவரிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் குறைந்துவிடும். கிடைத்தால், மாமா வீட்டிடம் அம்மாவே பக்குவமாகப் பேசட்டும். மாமாவும் அவர் பிள்ளைகளும் தங்கள் உடம்புக்காகவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. அப்பாவின் தயக்கம் புரிகிறது. ஆனால் மறைத்துவைத்தால் நஷ்டம் இரண்டு வீட்டுக்கும்தான்.

உங்களுக்கு இருப்பதாகத் தெரிந்தால் என்ன? உடனே எதையும் அறுத்தெடுக்க மாட்டார்கள். 25 வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை மார்பக எம்.ஆர்.ஐ., 30-க்குப் பிறகு கூடவே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). குழந்தைகள் பெற்று முடித்த பின், முதல் மரபணு என்றால் 35–40 வயதில், இரண்டாவது என்றால் 40–45 வயதில், சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்வோம். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க நம்பகமான பரிசோதனை இல்லாததால்தான் இந்த யோசனை. ஹெல்த் செக்கப் பேக்கேஜில் சேர்த்து விற்கும் சி.ஏ.125 ரத்தச் சோதனையை ஜீன் டெஸ்ட் என்று நினைத்து ஏமாற வேண்டாம்; அது வேறு. மார்பகத்தை முன்கூட்டியே எடுப்பது அவரவர் விருப்பம். சிலர் எடுக்கிறார்கள், பலர் கண்காணிப்போடு இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று வந்தால், அதை வைத்து எந்த ஆபரேஷனுக்கும் சம்மதிக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் சாதாரணமானவை என்றே தெரியவருகின்றன.

அம்மாவின் டெஸ்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும், அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே மார்பகப் பரிசோதனையைத் தொடங்குவது வழக்கம். உங்களுக்கு அது 32. அதாவது அடுத்த வருடம்.

டெஸ்டுக்கு முன் மரபணு ஆலோசகரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கு வசதி உண்டு; வீடியோ காலிலும் பலர் பேசுகிறார்கள். போகும்போது அம்மாவின் பழைய ஃபைலைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 (கட்டியின் செல்களில் தேடிப் பார்க்கும் மூன்று புரதங்கள்) மூன்றும் நெகட்டிவ் என்று இருந்தால், பி.ஆர்.சி.ஏ.1 கோளாறாக இருக்கலாம் என்பதற்கு அதுவே ஒரு பெரிய துப்பு. பெரியம்மாவின் ரிப்போர்ட் அவர் பிள்ளைகளிடம் இருக்கலாம், கேளுங்கள். ஒரு தாளில் மூன்று தலைமுறை எழுதுங்கள்: அம்மா வழி, அப்பா வழி இரண்டும், யாருக்கு எந்த உறுப்பில், எந்த வயதில். ஆச்சியின் "வயிற்றுக் கட்டி"யையும் விடாதீர்கள். உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இப்போது டெஸ்ட் வேண்டாம். 18 வயதுக்குப் பிறகு அவர்களே முடிவு செய்யட்டும்.