காண்டல், கருதல், உரை: சமயம் பற்றிய வாசகர் கேள்விகள்

சமயத்தைத் தத்துவ நோக்கில் புரிந்துகொள்ள விரும்பித் திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். பரிகாரமும் ஜாதகப் பலனும் கேட்டு எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும். அது என் துறை அன்று.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என்னோடு படிக்கும் தோழிகள் தங்கள் சமயத்தின் அடிப்படையை ஒரு நூலைக் காட்டிச் சொல்லிவிடுகிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்து சமயத்துக்கு அடிப்படை என்று எதைச் சொல்வது?

நம்பிக்கைகளின் பட்டியல் ஒன்றைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். வினை, மறுபிறவி, வீடுபேறு ஆகியவற்றைப் பெரும்பாலான தரிசனங்கள், அதாவது தத்துவப் பிரிவுகள், ஏற்றுக்கொண்டாலும், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டா, உயிர் ஒன்றா பலவா, உலகம் மெய்யா வெறுந்தோற்றமா என்னும் தலையாய வினாக்களிலேயே அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆனால் ஒரு கூற்றை முன்வைப்பவர் அதை எந்த அளவையால் அறிந்தார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும் என்பதில் அவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அளவை என்பது பிரமாணம், அதாவது அறிவைப் பெறும் வழி. உலகாயதர் எனப்படும் சார்வாகர், புலன்களால் நேரே அறியும் காட்சி ஒன்றையே ஒப்பினர். வைசேடிகர் அதனோடு, கண்டதைக் கொண்டு காணாததை அறியும் அனுமானத்தைச் சேர்த்தனர். சாங்கியர் மூன்றும், நியாய நூலார் நான்கும், அத்வைதிகள் ஆறும் கொண்டனர். நம் சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், ஆறு என்பாரையும் பத்து என்பாரையும் எடுத்துச் சொல்லி, அவை அனைத்தும் காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை (சாத்திரச் சொல்) என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார்.

இதன் நுட்பத்தைக் காணப் பாபநாசத்தில் நின்று பொதிகைச் சரிவைப் பார்த்தாலே போதும். மலையில் தீ உண்டு; புகை இருப்பதால்; எங்கெல்லாம் புகை உண்டோ அங்கெல்லாம் தீ உண்டு, அடுக்களையைப் போல என்பது தர்க்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சரிவில் வெண்மையாக எழுவது பெரும்பாலும் மழைமேகமாகவே இருக்கும். நீராவியைப் புகையென்று கொண்டுவிட்டால் அனுமானத்தின் மற்ற உறுப்புகள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் முடிவு நில்லாது என்பதையும் அந்தத் தர்க்க மரபே எண்ணிப்பார்த்து, அத்தகைய ஏதுவை, அதாவது காரணத்தை, போலி என்று தள்ளியது. சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான மெய்கண்டாரின் சிவஞான போதமும் பன்னிரண்டு சூத்திரங்களையும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது, எடுத்துக்காட்டு என்ற ஒழுங்கில்தான் நிறுவிக்கொண்டு போகிறது. இறைவன் உண்டு என்பதற்கே ஏதுச் சொல்லத் தொடங்கும் நூல் அது.

ஆகவே உங்கள் தோழிகளிடம் நீங்கள் சொல்லக்கூடியது, எங்கள் மரபில் கூற்றுகள் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை என்பதுதான். 'உயிர் உடலின் வேறு' என்பது கருதலளவையால் வாதிடப்படுவது. 'மறுபிறவி உண்டு' என்பதைச் சிலர் கருதலாலும் சிலர் உரையாலும் நிறுவுவர். வேதசர்மா நிவேதனத்துக்காகக் காயப்போட்ட நெல் மழையில் நனையாதபடி இறைவன் வேலியிட்டுக் காத்தான் என்பது தலபுராணம். நெல்லையப்பர் சந்நிதியில் நிற்பவருக்கு அது உருக்கம் தரும், ஆனால் அதை மறுத்தாலும் சைவ சித்தாந்தத்தின் ஒரு சூத்திரமும் குலையாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: கடவுளை ஏற்காத ஒருவர் இந்தச் சமயத்துக்குள் இருக்க இடம் உண்டா?

உண்டு, மூலையில் அன்று, நடுக்கூடத்திலேயே உண்டு. சாங்கியக் காரிகையில் உலகின் தோற்றத்துக்குப் பிரகிருதியும் (மூல இயற்கை) புருடனும் (உணர்வுடைய உயிர்) போதும். படைப்பவன் ஒருவன் வேண்டப்படவில்லை. வேதத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் காவல் நின்ற மீமாம்சகர்களோ, வேதம் எவராலும் இயற்றப்படாதது, உலகம் இன்றிருப்பது போலவே என்றும் இருந்தது என்று வாதிட்டுப் படைப்புக் கடவுளை வேண்டாம் என்றனர். குமாரிலபட்டர் இதில் மிகக் கண்டிப்பானவர்.

பானைக்குக் குயவன் போல உலகுக்கு ஒரு கருத்தா வேண்டும் என்று நியாய நூலார் வாதிட்டது பலருக்கும் தெரியும். அந்த வாதத்தை மிகக் கடுமையாகத் தாக்கியவர்களுள் ஒருவர் ஸ்ரீபாஷ்யம் என்னும் உரை செய்த வைணவ ஆசாரியர் இராமாநுசர் என்பது பலருக்குத் தெரியாது. குயவனுக்கு உடல் உண்டே, உங்கள் கருத்தாவுக்கும் உடல் உண்டா? பெரிய மாளிகையைப் பலர் சேர்ந்து கட்டுகிறார்களே, உலகைப் படைத்தவன் ஒருவன்தான் என்பது எப்படிப் பெறப்படும்? இவ்வகையில் கேட்டு, அனுமானம் இறைவனைக் காட்டாது, சாத்திரமே காட்டும் என்று அவர் முடிக்கிறார். திருமாலையே பரம்பொருளாகக் கொண்டவர், தம் தரப்புக்குத் துணையாக வரக்கூடிய வாதத்தையும் குறை கண்ட இடத்தில் விட்டுவிட்டார். இன்றைய மேடைகளில் இந்த நேர்மையைக் காண்பது அரிதாகிவிட்டது.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்து 129ஆம் சூக்தத்தையும் படித்துப் பாருங்கள். இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்பதை உயர் வானத்தில் இருந்து கண்காணிப்பவன் அறிவான், ஒருவேளை அவனும் அறியாதிருக்கலாம் என்று அது முடிகிறது.

தென்காசியிலிருந்து ஒரு வாசகி: என் தங்கை மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. தாயின் முன்வினை என்று அவள் மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நம் சமயம் அப்படித்தான் சொல்கிறதா?

உங்கள் தங்கையின் மாமியார் சொல்வது சமயத்தின் பெயரால் செய்யப்படும் தர்க்கப் பிழை. முதலாவது, வினைக் கொள்கையின்படி வினையின் பயன் செய்தவனையே சேரும். தாயின் வினை மகனின் காதில் வந்து விளையும் என்று சொன்னால் அந்தக் கொள்கையே உடைந்துவிடும்.

சற்று விரிவாகச் சொல்லவேண்டிய பொருள் இது. உலகில் ஒருவர் இன்பத்தோடும் மற்றொருவர் துன்பத்தோடும் பிறப்பதால் இறைவனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் வந்து சேருமே என்ற ஆட்சேபத்துக்கு விடையாகவே, வேதாந்தத்தின் மூலநூல்களுள் ஒன்றான பிரம்ம சூத்திரம் வினையைக் கொண்டுவருகிறது. அங்கே சங்கரர் மழையைக் காட்டுகிறார்: மழை எல்லாப் பயிருக்கும் பொது, நெல்லும் யவமும் (பார்லி) வேறுபடுவது வித்தினால். அப்படியானால் முதல் வினை எங்கிருந்து வந்தது என்று அடுத்த சூத்திரம் கேட்டு, பிறவிச் சுழலுக்குத் தொடக்கம் இல்லை என்று விடை சொல்கிறது. என் கருத்தைச் சொல்வதானால், தொடக்கமின்மை அந்த வினாவைத் தள்ளிப்போடுகிறதேயன்றி முழுதும் தீர்க்கவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் சமயத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. வினை சடப்பொருள், தன் பயனைத் தானே அறிந்து உரியவனிடம் சென்று சேராது, ஆகவே சேர்ப்பிக்கும் இறைவன் ஒருவன் வேண்டும் என்பது சைவ சித்தாந்திகள் கூற்று. வினை விட்டுச்செல்லும் அபூர்வம் என்னும் ஆற்றலே போதும் என்பது மீமாம்சகர் கூற்று. இப்படி அறிஞர்களே முடிவு காணாத பொருளை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்?

மேலும், வினைக் கொள்கை பொதுவாக ஏன் வேற்றுமை உள்ளது என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். இந்தக் குழந்தைக்கு இந்தக் குறை இன்ன செயலால் வந்தது என்று அறிய எந்த அளவை இருக்கிறது? காட்சி இல்லை. புகைக்கும் தீக்கும் உள்ளது போன்ற விடாத் தொடர்பு காணப்படாததால் அனுமானமும் செல்லாது. இன்ன பாவத்துக்கு இன்ன நோய் என்று பட்டியல் இடும் சில தரும நூல்கள் உள்ளன என்பதை மறைக்க விரும்பவில்லை; ஆனால் அவை தீமை செய்யாதே என்று அச்சுறுத்த எழுந்தவை, நோயிலிருந்து பின்னோக்கிச் சென்று ஆளைக் கண்டுபிடிக்க எழுந்தவை அல்ல. கீதையும் நான்காம் அத்தியாயத்தில் வினையின் போக்கு ஆழமானது, அறிய அரியது என்றுதான் சொல்கிறது. குழந்தையைக் காலம் தாழ்த்தாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காது மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். காதுக் குறையில் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு முந்தித் தொடங்குகின்றனவோ அவ்வளவு நல்லது.

வள்ளியூரிலிருந்து ஒரு பொறியாளர்: அணுவை வைசேடிக நூல் செய்த கணாதர் அன்றே கண்டுபிடித்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

கண்டுபிடிக்கவில்லை, கருதலளவையால் பெற்றார்கள். பொருளைப் பகுத்துக்கொண்டே போவதற்கு முடிவு இல்லை என்றால் மேருமலையும் கடுகும் முடிவில்லாத பகுதிகளை உடையவை என்ற வகையில் ஒன்றாகிவிடும்; எனவே பகுக்க முடியாத பரமாணு ஒன்று வேண்டும் என்பது நியாய வைசேடிகர் வாதம். சன்னல் வழியே வரும் வெயிலில் மிதக்கும் துகளே கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய பொருள், அதில் ஆறு பரமாணுக்கள் உண்டு என்றும் அவர்கள் கணக்கிட்டனர். அழகான வாதம்தான். ஆனால் சோதனைச் சாலையில் நிறுவப்பட்ட, பிளக்கவும் முடிகிற இன்றைய அணுவோடு இதை ஒட்டவைப்பது இரண்டுக்கும் அநீதி.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: உருவமற்ற பரம்பொருள் என்று சொல்லிவிட்டுக் கல்லுக்கு அலங்காரம் செய்வது முரண் இல்லையா?

உருவம் மட்டுமே இறைவன் என்று சொன்னால் முரண். நம் ஆகமங்கள் அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்று நிலை சொல்லி, இலிங்கத்தை மூன்றாவதில் வைக்கின்றன. பெயரும் வடிவும் இல்லாத ஒன்றை மனம் பற்றமுடியாது என்பதால் கைக்கொண்ட வழி இது. அது தேவைப்படாதவர்களுக்கு உபநிடதங்கள் 'இதுவன்று, இதுவன்று' என்ற வழியையும் வைத்திருக்கின்றன.

உங்கள் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. சிவனே பெரியவன் என்ற சங்கனும் திருமாலே பெரியவன் என்ற பதுமனும் ஆகிய நாகங்களின் வழக்கு தீர, அம்மை தவமிருந்து கண்ட கோலம் சங்கரநாராயணர் என்பது ஆடித்தபசின் கதை. வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால் என்று ஒரே திருமேனியில் செதுக்கிய சிற்பி, எந்த உருவமும் முழுமை அன்று என்பதை உருவத்தைக் கொண்டே வாதிட்டுவிட்டார். புற்றுமண் வாங்க வரிசையில் நிற்பவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம்; பலருக்குத் தெரியும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர்: அத்வைதம், விசிஷ்டாத்வைதம், சைவ சித்தாந்தம், இவற்றுள் எது சரி?

நான் சித்தாந்தம் பயின்றவன். என் தீர்ப்பை அதற்குத் தக்கவாறு தள்ளுபடி செய்துகொண்டு படியுங்கள். ஒரு தரிசனத்தை அதன் புகழுரைகளால் எடைபோடாமல், அதற்கு மிகவும் கடினமான வினாவால் எடைபோட வேண்டும். பிரம்மம் ஒன்றே மெய் என்னும் அத்வைதியிடம், அவித்தை, அதாவது அறியாமை, யாரைப் பற்றி நிற்கிறது என்று கேளுங்கள்: பிரம்மத்தை என்றால் அது அறிவே வடிவானது, உயிரை என்றால் உயிரே அவித்தையால் வந்தது. உலகமும் உயிர்களும் இறைவனின் உடல் என்னும் விசிஷ்டாத்வைதியிடம், உடலின் குறை உடையவனைத் தொடாதா என்று கேளுங்கள்; இளமையும் மூப்பும் உடலையன்றி உயிரைச் சேராதது போல என்று விடை வரும். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அனாதி என்னும் எங்களிடம், தூய அறிவுடைய உயிரை ஆணவம் என்னும் பாசம் ஏன் பற்றியது என்று கேளுங்கள். செம்பில் களிம்பு போல இயல்பாகவே உள்ளது என்போம். அது உவமையே தவிரக் காரணம் ஆகாது என்று நீங்கள் திருப்பிச் சொன்னால், நாங்கள் சிறிது நேரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஊருக்கு அருகில் ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் நடந்ததாகக் குருபரம்பரை சொல்லும் கேள்வி-பதிலை நீங்கள் அறிந்திருப்பீர்கள். செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும் என்று மதுரகவி கேட்க, அத்தைத் தின்று அங்கே கிடக்கும் என்றார் நம்மாழ்வார். சடமான உடலில் அணுவான உயிர் புகுந்தால், அந்த உடலின் பயனையே நுகர்ந்து அங்கேயே நிற்கும் என்பது பொருள். அதே ஆழ்வார் திருவாய்மொழியின் முதல் பதிகத்தில், அவரவர் தத்தம் அறிவுக்கு எட்டிய வகையில் கொள்ளும் இறையவரும் குறைவிலர் என்று பாடுகிறார். எல்லாம் ஒன்றே என்று இதற்குச் சோம்பல் பொருள் கொள்ளக்கூடாது. தாம் திருமாலிடம் உறுதியாக நின்றுகொண்டுதான் பிறர் வழிக்கும் அவர் இடம் விடுகிறார்.

களக்காட்டிலிருந்து ஓர் இளைஞர்: சுடலைமாடனுக்குக் கொடை கொடுப்பதும் தத்துவமும் எப்படிப் பொருந்தும்? சாதியை வைத்துக்கொண்டு தத்துவம் பேசுவதுதான் எப்படி?

இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவை உண்மையிலேயே சேர்ந்திருக்கின்றன. அங்குள்ள பட்டவராயனுக்கு நேர்ந்துகொண்டு தோல்செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். வில்லுப்பாட்டில் வரும் கதைப்படி, பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்களை மணக்கப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்தான். மாடுகளைக் காக்கப் போரிட்டு மடிந்தான். அப்பெண்களும் பிராமணக் குழந்தைகளே என்று பின்னர் கதையைத் திருத்திப் பாடியவர்கள் உண்டு. திருத்தியவர்களை எது உறுத்தியது என்பது வெளிப்படை.

குலதெய்வ வழிபாட்டை வேதாந்தத்தின் கீழ்ப்படி என்று நான் சொல்லமாட்டேன். அநியாயமாக இறந்தவரை மறக்கமாட்டோம் என்ற உறுதி அதில் பல இடங்களில் இருக்கிறது. சாதியைப் பொறுத்தவரை, வச்சிரசூசி உபநிடதம் பிராமணன் என்பது உயிரா, உடலா, பிறப்பா, கல்வியா, செயலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றையும் மறுக்கிறது. அந்த நூல் இருந்தும், அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த சிவகாசியில் 1899இல் கோயில் நுழைவை ஒட்டிய பகை கலவரமாக வெடித்தது. சாதிக்கு ஆதரவாகப் பேசும் தரும நூல்களும் மரபில் உள்ளவையே. நூலில் நல்ல வாதம் இருப்பதும் ஊரில் நியாயம் நடப்பதும் வேறு வேறு செய்திகள். முன்னதைக் காட்டிப் பின்னதை மூடக்கூடாது.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு வாசகர்: தொடக்கநிலையில் எதைப் படிக்கலாம்?

சிவஞான போதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதி 1785இல் மறைந்த சிவஞான முனிவர் உங்கள் ஊரில் பிறந்தவர். ஆனால் மாபாடியத்தில் தொடங்கவேண்டாம், திணறிப்போவீர்கள். உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உப்பைத் தண்ணீரில் கரைத்துக் காட்டும் சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அடுத்துச் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை ஆராயும் பகுதியான பரபக்கம். அது பதினான்கு மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் அந்தந்த மதத்தார் வாதத்தையும் பிறகு மறுப்பையும் சொல்கிறது. உலகாயதனின் வாதம் முடியும் இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டு, அவனுக்கு நீங்களே ஒரு மறுப்பை எழுதிப் பாருங்கள். அதன்பின் அருணந்தியாரின் மறுதலையைப் படித்தால், எங்கே அவர் உங்களைவிட வலுவாக வாதிடுகிறார், எங்கே உலகாயதன் இன்னும் விழாமல் நிற்கிறான் என்பது தெரியும்.