முறைப்பாடு வேறு, மேன்முறையீடு வேறு

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தேன். ரொறன்ரோ விசாரணை காணொளியில் நடந்தது. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுத் தமிழ் பேசுபவர். நான் சொன்ன சில விசயங்களை அவர் பிழையாகச் சொன்னார் என்று எனக்கு அப்போதே பட்டது, ஆனால் பயத்தில் வாய் திறக்கவில்லை. விசாரித்த உறுப்பினர் இரண்டு தடவை குரலை உயர்த்தி ஏசினார். நிராகரிப்புக் கடிதம் கையில் கிடைத்து இன்றோடு ஒன்பது நாள். முறைப்பாடு செய்தால் தீர்ப்பு மாறுமா? எங்கே அனுப்புவது?
— ஸ்காபரோ வாசகர்

பதில்: தம்பி, முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். எழுத்து மூலமான காரணங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஆறு நாள். முறைப்பாட்டுக் கடிதத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இன்றைக்கே ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். கையில் காசில்லை என்றால் ஒன்ராறியோ சட்ட உதவிக்கு உடனே தொலைபேசி எடுங்கள்.

நீங்கள் அமெரிக்கத் தரை எல்லையால், இங்கே உறவினர் இருக்கிறார் என்ற விதிவிலக்கில் உள்ளே வந்தவர் என்றால் அந்த மேன்முறையீடு உங்களுக்கு இல்லை. நேரே சமஷ்டி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் 15 நாள்தான். நம்மவர்களில் கனபேர் அப்படி வந்தவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முறைப்பாட்டால் தீர்ப்பு மாறாது. அகதிக் கோரிக்கைகளை விசாரித்து முடிவு சொல்லும் குடிவரவு அகதிகள் சபையின் உறுப்பினர்களுக்கென்று ஒரு நடத்தைக் கோவை இருக்கிறது. ஏசுவது, அவமதிப்பது, இனம், பால் பார்த்துப் பேசுவது எல்லாம் அதற்குள் வரும். முறைப்பாட்டை எழுத்தில், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, சபைக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. உங்கள் கோரிக்கையை விசாரிக்கும் பிரிவு அதைக் கையாளாது. உறுப்பினர் கோவையை மீறினாரா என்ற முடிவு சபைத் தலைவரின் பொறுப்பு. “என் சாட்சியத்தை அவர் நம்பவில்லை” என்று எழுதினால் அது நடத்தைப் பிரச்சினை ஆகாது, மேன்முறையீட்டில் வைக்க வேண்டியது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். “இன்ன திகதி, இந்த நேரத்தில், இந்தச் சொல்லைச் சொல்லி ஏசினார்” என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் கனமான விசயம் மொழிபெயர்ப்புத்தான். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

நாங்கள் “ஒரு கிழமை உள்ளே வைத்திருந்தவை” என்றால் ஏழு நாள். தமிழ்நாட்டில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய் என்கிற நாள். “பொடியள் வந்தவை” என்றால் இயக்கப் போராளிகளைச் சொல்கிறோம் என்று நமக்குத் தெரியும். தெரியாதவர் அதைச் சின்னப் பையன்கள் என்று மொழிபெயர்ப்பார். பெரியப்பாவின் மகனையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். படிவத்தில் சகோதரர் ஒருவர்தான் என்று எழுதிவிட்டு, வாயால் இரண்டு அண்ணாக்களைப் பற்றிச் சொன்னால் ஆங்கிலத்தில் அது முரண்பாடு. ஒரு மனிதனின் உயிர் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் மொஹமதியான் வழக்கில் இரண்டு விசயங்களைச் சொன்னது. மொழிபெயர்ப்பு இடைவிடாமல், துல்லியமாக, திறமையாக, பக்கச்சார்பின்றி, உடனுக்குடன் இருக்க வேண்டும். குறை இருந்தால் முதல் வாய்ப்பிலேயே எதிர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டாவதுதான் உங்களுக்குச் சிக்கல். ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை என்றால், அதையே மேன்முறையீட்டில் எடுத்துச் சொல்லலாம்.

விசாரணையின் ஒலிப்பதிவு சபையிடம் இருக்கும். அதன் பிரதியைச் சட்டத்தரணி மூலம் இன்றே கேளுங்கள். கிடைத்ததும் ஆங்கிலமும் யாழ்ப்பாணத் தமிழும் நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, ஒரு கொப்பியில் இப்படிக் குறியுங்கள்: “1 மணி 12 நிமிடம். நான் சொன்னது: ரெண்டு கிழமைக்குப் பிறகு விட்டவை. ஆங்கிலத்தில் வந்தது: இரண்டு நாளுக்குப் பிறகு.” பத்துப் பக்க அழுகையை விட இப்படி ஐந்து வரி பெறுமதி. உறுப்பினர் ஏசிய இடத்தின் நேரத்தையும் அதிலேயே குறித்துக்கொண்டால் முறைப்பாட்டுக்கும் அது உதவும்.

இனி விசாரணைக்குப் போகிறவர்களுக்கு: மொழியோடு, எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் பி.ஓ.சி. படிவத்திலேயே (கோரிக்கையின் அடிப்படையை எழுதிக் கொடுக்கும் படிவம்) கேட்கிறார்கள். “இலங்கைத் தமிழ்” என்று எழுதுங்கள். மாற்ற வேண்டுமென்றால் விசாரணைக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் அறிவியுங்கள். விசாரணையில் ஒரு சொல் பிழைத்தாலும் கையை உயர்த்தி “மொழிபெயர்ப்புப் பிழை” என்று சொல்லுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள், கோபித்தாலும் அது ஒலிப்பதிவில் இருக்கும். உறுப்பினர் பக்கச்சார்பாக நடக்கிறார் என்று பட்டால், அவரை விலகச் சொல்லும் விண்ணப்பத்தையும் அங்கேயே வைக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பிறகு சொன்னால் எடுபடாது.

1985-இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை, அகதி நேரில் வாய் திறந்து பேசாமலேயே கோரிக்கையை நிராகரிக்க முடிந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் 1989-இல் இந்தச் சபையே வந்தது. வழக்காடி எடுத்துத் தந்த உரிமை அது. கூச்சத்தில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆள் ஒருவர், “நொத்தாரிசு” என்று பலகை போட்டவர், 4,000 டொலர் வாங்கிக்கொண்டு அண்ணாவின் கோரிக்கையை எழுதினார். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கினார். பற்றுச்சீட்டும் இல்லை. சபையில் முறைப்பாடு செய்யலாமா?
— மார்க்கம் வாசகி

பதில்: இவரைத் தண்டிக்கும் இடம் சபை இல்லை, தங்கச்சி. ஊரில் நொத்தாரிசு என்றால் சட்டம் தெரிந்தவர் என்று ஒரு மரியாதை. ஒன்ராறியோவில் அந்தப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு காசுக்கு அகதி வழக்கு எடுக்கவே முடியாது. குடிவரவுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி சட்டத்தரணி, உரிமம் பெற்ற பராலீகல், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர், கியூபெக் நொத்தாரிசு ஆகியோருக்குத்தான் அந்த உரிமை.

அவருடைய பெயரை முதலில் இரண்டு இடங்களில் தேடிப் பாருங்கள்: சட்டத்தரணிகளுக்கும் பராலீகல்களுக்கும் உரிமம் கொடுக்கும் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியல், ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும், 2021 நவம்பரில் தொடங்கிய குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் பட்டியல். எதில் இருக்கிறாரோ அங்கே முறைப்பாடு போடுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் அது குற்றம். அதைக் கனடா எல்லைச் சேவை முகவரகத்துக்கு அறிவிக்கலாம், கல்லூரிக்கும் சொல்லலாம்.

பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் சோராதீர்கள். வங்கிக் கணக்கில் காசு எடுத்த நாள், வட்ஸ்அப் குரல் செய்திகள், அவர் அனுப்பிய படங்கள் எல்லாம் சாட்சி. ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

அண்ணாவின் விசாரணை இன்னும் நடக்கவில்லை என்றால், படிவத்தைத் தமிழில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிழைகளைத் திருத்தி அனுப்புங்கள். விசாரணைக்கு 10 நாளுக்கு முன் அது சபைக்குக் கிடைத்துவிட வேண்டும். விசாரணை முடிந்து தோற்றுவிட்டார் என்றால், பிரதிநிதியின் பிழையால் தோற்றேன் என்று மேன்முறையீட்டில் வாதிடலாம். ஆனால் அவர்மீது என்ன குறை சொல்கிறீர்கள் என்பதை அவருக்கே முன்கூட்டி எழுதி, பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. புதுச் சட்டத்தரணிக்கு இது தெரிந்திருக்கும்.

கேள்வி: விசாரணைத் திகதியே வரவில்லை. தாமதத்துக்கு முறைப்பாடு செய்தால் கோபித்து நிராகரித்துவிடுவார்களோ?
— பிரம்டன் வாசகர்

பதில்: மாட்டார்கள். சேவை பற்றிய முறைப்பாடும் உங்கள் கோரிக்கையின் முடிவும் வேறு வேறு ஆட்களின் கையில். ஆனால் 2025-இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வரிசையில் இருந்தன, அதனால் வெறும் “தாமதம்” என்று எழுதிப் பலனில்லை. கடும் நோய், ஊரில் பிள்ளைகள் ஆபத்தில் இருப்பது போன்ற காரணம் இருந்தால் ஆவணத்தோடு முன்கூட்டி விசாரிக்கக் கேளுங்கள். வீடு மாறியிருந்தால் சபைக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் தனித்தனியாகப் புது விலாசம் கொடுங்கள். ஒரு இடத்தில் கொடுத்தால் மற்ற இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி, அழைப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய் வழக்கையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.