சின்னப் பாய்ப்படகுக்கு எத்தனை கிலோ நங்கூரம் வேண்டும்?

கேட்டவர் கொடுத்த விவரம் இதுதான்: 18 அடி ஃபைபர் படகு, பாய் கட்டி ஓட்டுவது, நெல்லை மாவட்டக் கரையில் உவரிக்கும் கூட்டப்புளிக்கும் நடுவே போகப் போகிறார், இடையில் தூண்டில் போட நிற்பதும் உண்டு. 10 கிலோ நங்கூரம் போதுமா, 15 கிலோ வாங்க வேண்டுமா?

6 கிலோ போதும். ஆனால் அதோடு 5 மீட்டர் சங்கிலியும் 50 மீட்டர் கயிறும் கட்டாயம் வேண்டும். 15 கிலோ இரும்பை 20 மீட்டர் கயிற்றில் கட்டிப் போட்டால் மேல்காற்றான கச்சான் எழும்புகிற அன்று படகு நிற்காது. கையில் இருக்கிற காசை முதலில் கயிற்றுக்கும் சங்கிலிக்கும் ஒதுக்குங்கள், மிச்சத்துக்கு நங்கூரம் பாருங்கள்.

நங்கூரம் கனத்தால் மட்டும் பிடிப்பதில்லை. அதன் தகடு மண்ணுக்குள் புதைந்து, மண்தான் அதைப் பிடித்து வைக்கிறது. கயிறு தரையை ஒட்டிப் படுத்து இழுத்தால் தகடு இன்னும் உள்ளே போகும். மேல்நோக்கி இழுத்தால் தண்டு தூக்கி, தகடு பிடுங்கிக்கொண்டு வரும். கலப்பை வடிவ நங்கூரத்தை 1933ல் ஜெஃப்ரி டெய்லர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி செய்தது எதற்குத் தெரியுமா? கடலில் இறங்கும் விமானத்துக்கு. விமானத்தில் கனத்த இரும்பை ஏற்ற முடியாது, அதனால் எடை குறைவாக இருந்தும் புதைந்து பிடிக்கிற வடிவத்தை யோசித்தார்.

இனி கயிற்றுக் கணக்கு. தண்ணீரின் ஆழத்தோடு அணியத்தின், அதாவது படகின் முன்முனையின் உயரத்தையும் கூட்ட வேண்டும், பலரும் விடுவது இதைத்தான். 6 மீட்டர் ஆழம், அணியம் தண்ணீருக்கு மேல் 1 மீட்டர், ஆக 7. அதற்கு 7 மடங்கு, 49 மீட்டர். நம் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் அது பெரிய விஷயம் இல்லை. 3 மடங்கு கயிறு விட்டால் அது தரையோடு 19 டிகிரி கோணத்தில் இழுக்கும், 5 மடங்கில் 11 அல்லது 12 டிகிரி, 7 மடங்கில் 8, 10 மடங்கில் 6. மூன்றிலிருந்து ஏழுக்குப் போவதில் கிடைக்கிற பலன் ஏழிலிருந்து பத்துக்குப் போவதில் இல்லை. காற்றில்லாத காலையில், ஆள் படகிலேயே இருக்கும்போது, 3 அல்லது 4 மடங்கில் நின்று தூண்டில் போடலாம். கண் அசருவதாக இருந்தால் 7.

சித்தப்பா வள்ளத்தில் சின்னப் பையனாகப் போகும்போது அணியத்தில் இருந்து கயிறு விடுவது என் வேலை. போதும் என்று நான் நிறுத்தினால் பின்னாலிருந்து சத்தம் வரும்: "இன்னும் குடுலே, குடு!" டிகிரிக் கணக்கு எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு விட்டால் நிற்கும் என்பது அத்துபடி.

காற்றின் பாரம் எவ்வளவு என்று ஒரு அந்தாசு இருக்கட்டும். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கும் மன்றத்தின் அட்டவணைப்படி 20 அடிப் படகுக்கு 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) காற்றில் சுமார் 40 கிலோ இழுவை, 30 நாட்டில் சுமார் 160 கிலோ. காற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆனி ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மந்தமாக இருந்தது மதியத்துக்குள் இரட்டிப்பாவது இங்கே வாடிக்கை. அந்த நாலு மடங்கை நினைத்துத்தான் சாமான் வாங்க வேண்டும்.

கயிறு நைலானாக இருக்கட்டும், மூன்று புரி, 10 அல்லது 12 மில்லிமீட்டர். பலத்துக்கு 10 போதும், நல்ல புதுக் கயிறு ஏறக்குறைய 2 டன் தாங்கும். ஆனால் ஈரக் கையில் பிடித்து இழுக்க 12 சுகம். நைலான் நன்றாக நீண்டு கொடுக்கும், அதனால் அலை தூக்கும்போது அந்த அடி நங்கூரத்துக்கு நேராகப் போகாது. நம் கரை முழுக்கப் பச்சையும் நீலமுமாகக் கிடக்கிற பிளாஸ்டிக் கயிறு வலைக்கு நல்லது, இதற்கு ஆகாது. மிதக்கும், வெயிலில் வெளுத்து நொறுங்கும், பக்கத்தில் போகிற விசைப்படகின் புரொப்பல்லரில் சிக்கும். நைலான் என்று சொல்லித் தருவதெல்லாம் நைலான் இல்லை. ஒரு சாண் வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு, உள்ளே இருக்கிற காற்று வெளியேறும்வரை விரலால் அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். அடியில் கிடந்தால் வாங்கலாம், மேலே வந்தால் அது வேறு சரக்கு.

சங்கிலிக்கு இரண்டு வேலை. கயிற்றின் முனையைத் தரையோடு படுக்க வைப்பது ஒன்று, பாறையில் உரசிக் கயிறு அறாமல் காப்பது இன்னொன்று. 6 மில்லி சங்கிலி மீட்டருக்கு 800 கிராம் சுமார் வரும், 5 மீட்டருக்கு 4 கிலோ. உங்கள் படகுக்கு அது சரி. குட்டைக் கண்ணி உள்ள, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சங்கிலியாகக் கேளுங்கள். அது மங்கிய சாம்பல் நிறத்தில் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பளபளவென்று மின்னுவது மேல்பூச்சு மட்டுமே, உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறிவிடும். மாடு கட்டுகிற முறுக்குச் சங்கிலி வேண்டவே வேண்டாம். சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷேக்கிள் ஒரு அளவு பெரிதாக, 8 மில்லி. அதன் திருகாணியை இறுக்கி, கழன்று போகாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். கயிற்றின் முனையில் வளையம் வைத்துப் புரியைப் பின்னி எடுப்பது நல்லது, முடிச்சு போட்டால் கயிற்றின் பலம் பாதி அளவுக்குக்கூடக் குறையும்.

அப்புறம் நங்கூரம். நம் கரையில் மணலும் உண்டு, பார் என்கிற கடலடிப் பாறையும் உண்டு, சில இடத்தில் வள்ளம் நீளத்துக்குள் ஒன்று மற்றொன்றாக மாறும். ஒரே நங்கூரம் இரண்டுக்கும் சரியாகாது. ஈயக்குண்டின் அடியில் கிரீஸ் தடவி இறக்கிப் பாருங்கள். மணல் ஒட்டி வந்தால் மணல், வெறுமனே கீறலோடு வந்தால் பார்.

மணலுக்கு இரண்டு தகடு மடங்கும் டான்ஃபோர்த் வகை, 4 முதல் 6 கிலோ. எடைக்கு அது கொடுக்கிற பிடிப்பு அபாரம். பட்டறையில் செய்யச் சொன்னால் தண்டுக்கும் தகட்டுக்கும் இடையிலான கோணம் 30 டிகிரி பக்கம் இருக்கிறதா என்று அளந்து வாங்குங்கள், கூடினால் மணலில் குத்தாமல் வழுக்கும். இதில் ஒரு குறை உண்டு. விடியற்காலை கரைக்காற்று, மதியம் கடல்காற்று என்று படகு எதிர்ப்பக்கம் திரும்பும்போது இது பிடுங்கிக்கொண்டு மறுபடி குத்தாமல் போகலாம். இரவு தங்குவதாக இருந்தால் ஒற்றைத் தகடும் மேலே வளைந்த கம்பியும் உள்ள ராக்னா வகை மேல், காற்று திரும்பினாலும் தானே திரும்பிப் புதையும். விலைதான் கூட.

பாருக்கு நம் ஆட்கள் செய்கிற கம்பி நங்கூரமே போதும். குழாய்க்குள் கட்டிடக் கம்பி நாலைந்தைச் சொருகி வெல்டு வைத்து, முனைகளைக் கொக்கியாக வளைத்தது. மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்கும்போது கொக்கி நிமிர்ந்து வந்துவிடும், கரைக்கு வந்து மறுபடி வளைத்துக்கொள்ளலாம். கெட்டியான நங்கூரத்தைப் பாரில் போட்டே ஆக வேண்டும் என்றால் சங்கிலியைத் தண்டின் வளையத்தில் மாட்டாமல் அடிப்பக்கம் மாட்டி, தண்டு நெடுகக் கொண்டுவந்து வளையத்தில் மெல்லிய நூலால் நாலு சுற்று கட்டுங்கள். சிக்கினால் படகை நேர் மேலே கொண்டுவந்து வெட்டி இழுக்க, நூல் அறுந்து நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். ஆள் விழித்திருக்கும்போது மட்டும் இந்தக் கட்டு. தூத்துக்குடிக்கு வடக்கே போனால் ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன. அங்கே பவளத்தின் மேல் எந்த நங்கூரத்தையும் போடாதீர்கள். ஒரு இழுப்பில் உடைவது திரும்ப வளர ஆண்டுக்கணக்காகும்.

போடும் விதம். காற்றுக்கு நேரே அணியத்தைத் திருப்பி, பாயைத் தளர்த்தி, படகு நின்று பின்னால் நகர ஆரம்பித்த பிறகு நங்கூரத்தைக் கையால் இறக்குங்கள். தூக்கி எறிந்தால் சங்கிலி அதன் மேலேயே குவிந்து சுற்றிக்கொள்ளும். 3 மடங்கு கயிறு போனதும் லேசாகப் பிடித்து நிறுத்தினால் தகடு குத்தும், பிறகு மிச்சத்தை விட்டு உறுதியாகக் கட்டுங்கள். இப்போது கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இழுபடுகிற நங்கூரம் கயிறு வழியாக நடுங்கும், விட்டு விட்டு உதறுவது கையில் தெரியும். பிடித்துவிட்டால் கயிறு ஒரே சீராக விறைத்து நிற்கும். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம் எடுத்துக்கொள்ளுங்கள், உவரியில் என்றால் கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு பனையும். இரண்டும் பிரிந்துகொண்டே போனால் படகு நகர்கிறது. வெறுமனே ஊசலாடினால் பிரிந்து திரும்பச் சேரும்.

எங்கே போடக்கூடாது என்பதும் முக்கியம். அலை உடைகிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அதுவும் சித்திரை வைகாசியில். இங்கே காற்றே இல்லாமல் கள்ளக்கடல் வரும். தெற்கே வெகுதூரத்தில் புயலில் கிளம்பிய நெடிய அலை அது, நேற்று அமைதியாக இருந்த 3 மீட்டர் ஆழத்தில் இன்று உடையும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் நம் மாவட்டக் கரைக்கும் அதற்கு எச்சரிக்கை தருகிறது, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். கீழ்க்காற்றான கொண்டல் பலமாக அடித்தாலும் கரை உங்களுக்குப் பின்பக்கம் வந்துவிடும், நங்கூரம் நழுவினால் சுதாரிக்க இடம் இருக்காது. அந்த நாட்களில் எல்லாரையும் போல டிராக்டர் வைத்து மணலில் ஏற்றி வைப்பதுதான் சரி.

கயிற்றின் கடைசி முனையைப் படகுக்குள் கட்டியிருக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அதையும் நேரடியாகக் கட்டாமல் ஒரு முழம் மெல்லிய கயிறு கொடுத்துக் கட்டுங்கள். அவசரத்தில் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்து, ஒரு காலி கேனைக் கட்டி விட்டுவிட்டு வந்தால் மறுநாள் போய் எடுத்துக்கொள்ளலாம்.