தியேட்டர் படியில் எரியாத விளக்கும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியும்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு திரையரங்கில் இடைவேளை முடிந்து பால்கனி இருக்கைக்குத் திரும்பிய என் தாயார் (வயது 61) படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. படி விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. மேலாளர் எடுத்தெறிந்து பேசினார். 108 ஆம்புலன்ஸைக்கூட நாங்கள்தான் அழைத்தோம். காப்பீடு போக எங்கள் கைப்பணம் ரூ.90,000 செலவானது. போலீஸ் விசாரணை வருமோ என்று பயந்து, வீட்டுப் படியில் விழுந்ததாகத் தம்பி மருத்துவமனையில் சொல்லிவிட்டான். நிர்வாகம் ரூ.75,000 தர முன்வந்துள்ளது. ரூ.25 லட்சம் கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் மேலாளரின் பேச்சுக்கு மூன்று பக்கமும், தம்பி மருத்துவமனையில் சொன்னதற்கு ஒரு வரியும் ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது அந்த ஒரு வரிதான். மேலாளரின் அலட்சியப் பேச்சுக்கு எந்த நுகர்வோர் ஆணையமும் தனியாக விலை போடாது; அதை விட்டுவிடுங்கள்.

டிக்கெட் உங்கள் பெயரில் இருந்தாலும் சேவையின் பயனாளி என்ற முறையில் தாயாரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோரே. புகார்தாரராக இருக்க வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல. இதில் சிக்கல் இல்லை.

விளக்கு எரியவில்லை என்பது வேறு, அது எரியாததால்தான் விழுந்தார் என்பது வேறு. திரையரங்கம் இருட்டாகத்தான் இருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அரங்கம் இருட்டாக இருக்கும் என்பதாலேயே படிகளுக்குத் தனி விளக்கு வைக்கிறார்கள் என்பது அதற்குப் போதுமான பதில். ஆனால் தாயார் விழுந்தபோது அரங்க விளக்குகள் அணைந்துவிட்டனவா, இன்னும் எரிந்துகொண்டிருந்தனவா என்பதை உங்கள் கடிதம் சொல்லவே இல்லை. அவை எரிந்துகொண்டிருந்தால் படி விளக்கைப் பற்றிய உங்கள் வாதம் அங்கேயே முடிந்துவிடும். உரிம நிபந்தனை மீறப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து காகிதம் வாங்கினாலும் இந்த இடைவெளியை அது நிரப்பாது.

இனி அந்த வரிக்கு வருவோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வீட்டுப் படியில் விழுந்தார்' என்று இருக்கிறது; காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்திலும் அதுவே இருக்கும். சம்பவம் நடந்த சூட்டில், வழக்கு என்ற எண்ணமே இல்லாத நேரத்தில் சொன்னது என்பதால், எட்டு மாதம் கழித்து எழுதும் புகாரைவிட அந்தக் காகிதத்தைத்தான் ஆணையம் நம்பும். இந்த நிலையில் என்னிடம் வந்த ஒருவர், நான் தடுத்தும் கேளாமல், தெரிந்த மருத்துவரிடம் போய்த் திருத்திய சம்மரி ஒன்றை வாங்கி வந்தார். எதிர்த்தரப்பு மூலப் பதிவேட்டை வரவழைத்தது. அதன்பின் அவர் சொன்ன உண்மைகளும் எடுபடவில்லை. நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். தம்பி ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவரே பிரமாண வாக்குமூலத்தில் ஒப்புக்கொள்ளட்டும்.

நீங்கள் குறையாகச் சொன்னதிலேயே உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் தாயாரை எங்கிருந்து ஏற்றியது என்பது அவர்கள் பதிவில் இருக்க வேண்டும்; அதன் நகலுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். சி.சி.டி.வி. பதிவை மறந்துவிடுங்கள், எட்டு மாதம் அதைப் பெரும்பாலும் யாரும் வைத்திருப்பதில்லை. செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின் கீழ் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் தேவைப்படும். ஆனால் திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும் வீடியோ எதையும் நிரூபிக்காது.

ரூ.25 லட்சம் என்ற எண்ணை யார் சொன்னார்களோ தெரியவில்லை. 59 பேர் இறந்த டெல்லி உபகார் திரையரங்கத் தீ விபத்து (1997) வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் 20 வயதுக்கு மேற்பட்டு இறந்தவர்களுக்குத் தலா ரூ.10 லட்சமும் காயமடைந்தவர்களுக்குத் தலா ரூ.1 லட்சமும் நிர்ணயித்தது. காலம் மாறியிருக்கலாம்; ஆனால் முரண்பட்ட மருத்துவப் பதிவோடு வருபவருக்கு அளவுகோல் தாராளமாகாது. மேலும், உண்மைகளில் இவ்வளவு சர்ச்சை இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி ஆணையம் அனுப்பிவிடக் கூடும். அங்கே கேட்கும் தொகையில் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம், ரூ.25 லட்சத்துக்கு ரூ.75,000, அதாவது நிர்வாகம் இப்போது தர முன்வந்திருக்கும் அதே தொகை.

எனவே சமரசம் செய்துகொள்ளுங்கள். வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்றை அனுப்பி, கைச்செலவோடு வலிக்கும் அலைச்சலுக்கும் சேர்த்து ரூ.2 லட்சம் கேளுங்கள். ஒன்றரை லட்சம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் நுகர்வோர் புகாருக்கான இரண்டாண்டு காலவரம்பு நிற்காது. இன்னும் ஆறு மாதத்தில் முடியாவிட்டால் புகாரைத் தாக்கல் செய்துவிட்டு, ஆணையத்திலேயே சமரசத்துக்குக் கேட்கலாம். நிர்வாகம் நீட்டும் ரசீதில் 'முழுத் தீர்வாக' என்று இருக்கும். பணம் தாயாரின் வங்கிக் கணக்கில் சேரும்வரை அதில் அவர் கையெழுத்திடக் கூடாது, 'கவனக்குறைவால் தானே விழுந்தேன்' என்ற வாசகம் இருந்தால் அதை அடித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.