கச்சேரி ரெக்கார்டிங்: கேள்வி பதில்

சின்ன சபா, அனுமதி வாங்கியாச்சு. எந்த ரெக்கார்டர் வாங்கலாம் சார்?
ஸூம் எச்1, டாஸ்கம் டிஆர்-05 வகையில் எதுவும் போதும். மெஷினைவிட அதை வைக்கும் இடம்தான் முக்கியம். மேடைக்கு நடுவில், பாடகருக்கு ஆறேழு அடி தள்ளி, அவர் தலைக்குச் சற்று மேலே, ஸ்டாண்டில். மேடைப் பலகைமேல் அப்படியே வைத்தால் தாளம் போடும் தட்டு மரம் வழியாக ஏறும். அடிச்சத்தத்தை வெட்டும் லோ-கட்டைப் பதிவின்போது போடாதீர்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம் மெலிந்துவிடும்.

சத்தத்தை மெஷினே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவல் வைத்தால் வம்பில்லையே?
வம்பே அதில்தான். ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் சத்தத்தை ஏற்றும். ஃபேனும் இருமலும் முன்னால் வரும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எல்லாவற்றையும் அமுக்கும். கையால் வையுங்கள். தொடக்கத்தில் பாடும் வர்ணத்தில் உச்சம் -18 டெசிபல் இருந்தால், தனியின் முடிவில் வரும் கோர்வைக்கு இடம் மிஞ்சும்.

மிகச் சன்னமான சத்தம் முதல் மிகப் பெரிய சத்தம் வரை பதியும் 32 பிட் ஃப்ளோட் மெஷினில் கெயினே (பதிவு லெவல்) பார்க்க வேண்டாமாமே?
சத்தம் அளவு மீறி மெஷினுக்குள் சிதறாது, உண்மை. மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்து சிதறி வந்தால், சிதறியதைத்தான் பத்திரமாக எழுதி வைக்கும்.

ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. 24 பிட்டில் லெவலைக் குறைத்தால் தரம் போகுமே?
கணக்குப் போடுங்கள். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 12 டெசிபல் தணித்தால் போவது 2 பிட், மிச்சம் 22. ஹாலின் ஃபேன் சத்தமே அந்த 22 பிட்டின் அடிமட்ட இரைச்சலுக்கு எவ்வளவோ மேலே. ஃப்ளோட் சௌகரியம்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்த தப்பை அது திருத்தாது.

மிக்சரிலிருந்தே எடுத்துவிட்டால்?
சின்ன ஹாலில் மிருதங்கத்தை மிக்சரில் அதிகம் ஏற்ற மாட்டார்கள். குரல் மலைபோல, மிருதங்கம் கிணற்றுக்குள். ஹால் மைக்கையும் சேர்த்து எடுங்கள். மிக்சரிலிருந்து பலமாக வரும் லைன் அவுட்டை ரெக்கார்டரின் மைக் சாக்கெட்டில் சொருகாதீர்கள்.

ஆட்டோ லெவல் பற்றி...
மேலே இருக்கிறது.

எடிட்டிங் எதில்? ஃபேன் இரைச்சலை எடுக்க முடியுமா?
ஸ்டீரியோ பதிவை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும், இலவசம். நாலைந்து ட்ராக் என்றால் ரீப்பர். 60 நாள் சோதிக்கலாம். நாய்ஸ் ரிடக்ஷனில் கவனம்: தம்புராவும் விடாமல் ஒலிப்பதுதானே, இரைச்சலென்று அதையும் தின்றுவிடும். தம்புரா தொடங்குமுன் ஹால் சத்தத்தை மட்டும் பத்து நொடி பதிந்து வைத்து, அதையே மாதிரியாகக் கொடுங்கள். 6 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள்.

மூன்று மணி நேரத்துக்கு எவ்வளவு ஜிபி?
48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ: 3.1 ஜிபி. கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

நாதஸ்வரம், தவில்?
இன்னும் தள்ளிப் போங்கள், பதினைந்து அடியாவது. ஆட்டோ லெவல் ஆஃப்.