ஊட்டியில் குளிர்காலத்துக்கு முன் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும்?

கோவையிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வருகிறேன், தகரக் கூரை போட்ட பழைய வீடு, வயதான அம்மாவும் கூட வருகிறார், எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹீட்டரைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் வீட்டைக் காய வைக்க வேண்டும். இங்கே ஆளைப் படுத்துவது குளிரைவிட ஓதம்தான். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை விட்டதும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அத்தனை மாதமும் நனைந்த சுவரோடு டிசம்பருக்குள் போனால் அறை லேசில் சூடேறாது. கம்பளி, மெத்தை எல்லாம் பூஞ்சணம் பிடித்து நாறும். அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் இன்னும் கஷ்டம். கூரை ஆணித் துளைகளில் ஒழுகல் இருந்தால் உடனே அடைத்துவிடுங்கள். பீரோ, கட்டில் எதையும் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், காற்று போய்வர இடம் வேண்டும்.

தகரக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். நாம் விடும் மூச்சும் சமையல் ஆவியும் அதன் அடிப்பக்கத்தில் துளிர்த்து, விடிகாலையில் படுக்கை மேல் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே தார் பூசுபவர்கள் உண்டு. அது வெளியிலிருந்து வரும் தண்ணீரே இல்லை. கீழே பலகை சீலிங் அடித்து, தகரத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விட்டால்தான் தீரும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

உறைபனி விழும் நாட்களில் பகலில் பெரும்பாலும் நல்ல வெயில் இருக்கும். பத்து மணிக்கு மேல் ஜன்னல்களைத் திறந்து போட்டு, கம்பளிகளை வெயிலில் காயப் போடுங்கள். வெயில் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல் உள்ள அறையை அம்மாவுக்குக் கொடுங்கள். கதவடி இடுக்குக்குச் சாக்கோ பழைய போர்வையோ சுருட்டி வைத்தால் போதும், ஜன்னல் சட்டத்துக்கு ஃபோம் டேப் ஒட்டலாம். தோடர்களின் பழைய வீடுகளில் தவழ்ந்துதான் நுழைய முடியும், வாசல் அவ்வளவு சின்னது. இந்த மலைக் குளிரை அறிந்தவர்கள் கட்டிய வீடு அது.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. மலைக்கு வந்த இடத்தில் இப்படிக் குடும்பமாகப் போனவர்கள் இருக்கிறார்கள். புகையில்லாத கரி என்று கடையில் சொன்னாலும் நம்பாதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டுவதிலும் இதே ஆபத்துதான்.

இத்தனையும் செய்த பிறகு, படுக்கையறைக்கு எண்ணெய் ரேடியேட்டர் வகை ஹீட்டர் வாங்குங்கள். கம்பி தணலாகச் சிவக்கும் வகை வயதானவர்கள் அறையில் வேண்டாம், போர்வை பட்டால் பற்றிக்கொள்ளும். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குப் பெரிய மூன்று முனை பிளக் பாயிண்டே வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். எனவே படுக்கப் போவதற்கு முன் அறையைச் சூடாக்கிவிட்டு, பிறகு குறைத்து வைப்பதே கட்டுப்படியாகும்.

குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் உறைபனி தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் அதிகம். உங்கள் வீடு அந்த மாதிரிப் பள்ளத்தில் இருந்து, சோலார் வாட்டர் ஹீட்டரும் போடுவதாக இருந்தால் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையாகப் பாருங்கள். தட்டைப் பலகை வகையில் செம்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்துவிட வாய்ப்பு உண்டு. வெளியில் ஓடும் மெல்லிய தண்ணீர்க் குழாய்களுக்கும் சாக்குச் சுற்றி வையுங்கள்.