கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 38 பிள்ளைகள். 60 கதைப்புத்தகங்கள் கொண்ட பெட்டி ஒன்றைப் பள்ளியில் தந்திருக்கிறார்கள். நான் வாசித்துக் காட்டினால் முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் கேட்கிறார்கள். பின்னால் ஒரே சத்தம். முடித்துவிட்டு "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டால் எந்தக் கதைக்கும் "பொய் சொல்லக் கூடாது" என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறல். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய புத்தகங்கள் கிழிந்து வந்ததால் இப்போது பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டேன். பாடத்துக்கே நேரம் பற்றாத நிலையில் இந்தப் புத்தகங்களை எப்படித்தான் பயன்படுத்துவது? கிழித்தவர்களின் பெற்றோரிடம் பணம் கேட்கலாமா?

பதில்: "பொய் சொல்லக் கூடாது" என்று பிள்ளைகள் சொல்வது கதை புரியாமல் அல்ல. கடைசியில் வரப்போகும் கேள்வியும் தெரியும், ஆசிரியர் எதிர்பார்க்கும் பதிலும் தெரியும். அப்புறம் நடுவில் இருப்பதை எதற்குக் கேட்பது? பின்வரிசைச் சத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. எனவே முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். ஒரு மாதம் எந்தக் கதைக்கும் நீதி கேட்க வேண்டாம். கேள்விகளைக் கதைக்கு உள்ளே கொண்டுபோங்கள். எங்கே, எப்படி என்று கீழே சொல்கிறோம்.

அதற்கு முன் பெட்டியைத் திறந்து புத்தகங்களைப் பிரியுங்கள். எல்லாமே வகுப்புக்கு வாசித்துக் காட்ட ஏற்றவை அல்ல. ஒவ்வொன்றாக உங்கள் நாற்காலியில் விரித்து நிறுத்திவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் நின்று பாருங்கள். படத்தில் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்பது அங்கிருந்து தெரிந்தால் அது முழு வகுப்புக்கான புத்தகம். தெரியாவிட்டால், எவ்வளவு நல்ல கதையானாலும், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கத்தான் அது லாயக்கு. அடுத்து, கடிகாரத்தை வைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். 12 நிமிடத்துக்கு மேல் போனால் இரண்டு நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு முதல் ஐந்து வரி, திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர், பக்கம் புரட்டினால் மாறும் நிலைமை: இந்த மூன்றும் உள்ள புத்தகம் வகுப்பில் சோடை போவது அரிது. 60இல் எட்டுப் பத்து தேறினாலே ஒரு பருவத்துக்குப் போதும். ஏனென்றால் ஒரே புத்தகத்தை வாரத்தில் மூன்று முறை வாசிக்கப் போகிறீர்கள்.

உட்கார வைக்கும் விதம் சின்ன விஷயமாகத் தோன்றும். பாதிச் சத்தம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பெஞ்சில் வரிசையாக இருந்தால் ஆறாவது வரிசைக்குப் படம் கிடையாது. படம் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைத்தான் பார்க்கும். தரையில் அரைவட்டமாக மூன்று வரிசை உட்கார வையுங்கள். நீங்கள் தாழ்வான ஸ்டூலில் அமர்ந்து, புத்தகத்தைத் தோளுயரத்தில் பக்கவாட்டில், கீழ்விளிம்பின் நடுவைப் பிடித்துக்கொள்ளுங்கள். சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பக்கம் இருட்டாகத் தெரியும். பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்தால் வழவழப்பான தாள் கண்ணைக் கூசும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். 38 பேருக்கும் தரையில் இடமில்லையா? 19 பேராகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாசிக்கும்போது மற்ற பாதிக்குப் படம் பார்க்கப் புத்தகங்களைக் கொடுங்கள். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம்.

இனி அந்த மூன்று வாசிப்புகள்.

முதல் நாள் கதைக்காக மட்டும். அட்டையைக் காட்டி ஒரே ஒரு கேள்வி: "இதுல என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" மூன்று நான்கு பதில் வந்ததும் வாசிக்கத் தொடங்கிவிடுங்கள். நிறுத்தும் இடங்கள் இரண்டோ மூன்றோ போதும். அவற்றை முந்தின நாளே தேர்ந்து, அந்தப் பக்கங்களில் துண்டுச்சீட்டு ஒட்டி வையுங்கள். நிலைமை மாறப்போகும் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால்தான் நிறுத்த வேண்டும், புரட்டிய பிறகு அல்ல. ஆட்டுக்குட்டி வேலியோரம் நிற்கிறது, வேலியில் ஓட்டை தெரிகிறது என்றால் அங்கே நிறுத்திக் கேளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி "இது என்ன நிறம்? எத்தனை மரம்?" என்று கேட்பது கதையின் கழுத்தை நெரிக்கும் வேலை.

கேட்டுவிட்டு உடனே பதிலையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனத்துக்குள் மூன்று வரை எண்ணுங்கள். முதல் வாரம் அது ஒரு யுகம்போலத் தெரியும்.

இரண்டாம் நாள் அதே புத்தகம். "டீச்சர், இது நேத்தே படிச்சாச்சு" என்று இரண்டு பேர் சொல்வார்கள். "ஆமா, இன்னைக்கு அந்தப் பாட்டி வரி வரும்போது நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டால் போதும். திரும்ப வரும் தொடரை வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லட்டும். உங்கள் விரல் அந்தச் சொற்களின் கீழே நகரட்டும். கூட்டி வாசிக்க வராத பிள்ளைக்கும் அந்த ஒரு வரி வாயில் இருக்கிறது. கண் அதைத் தேடிப் போகும். வாசிப்புக்கு அதுதான் முதல் பிடி. புதுச்சொற்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். அகராதிப் பொருளைச் சொல்வதைவிடப் படத்தைக் காட்டியோ உடம்பால் செய்து காட்டியோ புரிய வைத்துவிட்டு நகருங்கள்.

ஏன், எப்படி என்ற கேள்விகளும் இந்த நாளுக்கு உரியவை. பிள்ளை "நாய் ஓடுது" என்று சொன்னால் "சரி, உட்கார்" என்று முடிக்காமல், அதையே வாங்கி நீட்டித் திருப்பிக் கொடுங்கள்: "ஆமா, வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடுது. எதைப் பார்த்துப் பயந்துச்சு?" பதிலைத் திருத்துவதைவிட நீட்டுவது பேச்சை வளர்க்கும். நீதிக் கேள்வியின் இடத்தில் வைக்க வேறு கேள்விகள் உண்டு. கதையில் உங்களுக்குப் புரியாத இடம் எது? அந்த அண்ணன் செய்தது சரியா, ஏன்? படத்தில் இருக்கிறது, எழுத்தில் இல்லை, அப்படி எதையாவது பார்த்தீர்களா? கடைசிக் கேள்விக்கு, வாசிக்கத் திணறும் பிள்ளைகள்தான் பல நேரம் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். எழுத்து கைவிடும்போது படத்தைக் கூர்ந்து பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

மூன்றாம் நாள் எழுத்தை அட்டைத் துண்டால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். கதையைப் பிள்ளைகள் சொல்லட்டும். பக்கத்துக்கு ஒருவர். வரிசை மாறிச் சொன்னால் அடுத்தவர் சரிசெய்வார். நீங்கள் தலையிட வேண்டியதில்லை. பிறகு ஒரு காட்சியை நடித்துப் பார்க்கலாம், வரையலாம். "கதைச் சுருக்கம் எழுதுக" மட்டும் வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்துக்குப் பின்னாலும் எழுத்து வேலை காத்திருந்தால், பிள்ளைகள் மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுக்கக் கற்றுக்கொள்வார்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. புத்தகத்தில் "பாட்டி சந்தைக்குச் சென்றாள்" என்றிருக்கும். பிள்ளைக்குப் பழகியது "பாட்டி சந்தைக்குப் போனா". வாசிக்கும்போதே பேச்சுத்தமிழுக்கு மாற்றிவிடும் பழக்கம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. நோக்கம் நல்லதுதான், ஆனால் அதைத் தவிர்க்கச் சொல்வோம். பிறகு அந்தப் பக்கத்தைத் தானே எடுத்துப் பார்க்கும் பிள்ளைக்குக் காதில் கேட்ட வாக்கியம் அங்கே இருக்காது. அச்சில் உள்ளபடியே வாசியுங்கள்; நிறுத்தும் இடங்களில் உரையாடல் முழுக்கப் பேச்சுத்தமிழில் நடக்கட்டும். "சென்றாள்னா போனா" என்று ஒருமுறை சொன்னால் போதும். நாலைந்து புத்தகத்துக்குள் எழுத்துத்தமிழ் காதுக்குப் பழகிவிடும்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நூறு சொல்லில் ஐந்துக்குள் தவறினால் பிள்ளை தானே வாசித்துக்கொள்ளும். பத்து வரை போனால் பக்கத்தில் ஒருவர் துணைக்கு வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். தவறும் சொல்லுக்கு ஒரு விரலாக, ஒரு பக்கத்துக்கு ஐந்து விரல் மடக்கிப் பார்க்கும் முறை பலருக்குத் தெரியும், ஆனால் அது ஐம்பது சொல் உள்ள பக்கத்துக்குத்தான் பொருந்தும். இருபதே சொல் உள்ள படக்கதைப் பக்கத்தில் மூன்றாவது விரல் மடங்கும்போதே புத்தகத்தை மாற்றிவிட வேண்டும்.

தவறு எங்கே நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் நிற்கும், ஒலியோ முழுக்கப் பின்னால் வரும். இடமிருந்து வலமாகக் கூட்டும் பிள்ளை ‘கெ’, ‘கே’ என்று தொடங்கித் தடுமாறும். அந்த எழுத்து முழுவதையும் ஒரே படமாகக் காட்ட வேண்டும். இன்னொரு தடை, சேர்த்து எழுதும் நீண்ட சொற்கள். ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்று வந்தால் விரலால் மறைத்து ‘ஓடி’, ‘ஓடிக்கொண்டு’ என்று துண்டு துண்டாகத் திறந்து காட்டுங்கள். இப்படிச் சொற்கள் பக்கத்துக்கு இரண்டு இருந்தாலே, புத்தகம் எவ்வளவு ஒல்லியானாலும் தொடக்க வாசகருக்குப் பாரம்தான். அட்டையில் போட்டிருக்கும் வயதை நம்பாமல் உள்ளே பாருங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு எளிய புத்தகம் கொடுத்தால் "குட்டிப் பசங்க புக்கு" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள், புத்தகம் மூடிவிடும். ஒரு தந்திரம் செய்யலாம்: வாரம் ஒருமுறை அவர்களை முதல் வகுப்புக்கு அனுப்பி, அங்குள்ள ஒரு பிள்ளைக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு எளிய புத்தகம்தானே வேண்டும்? நாலு நாள் ஒத்திகை பார்க்கக் காரணமும் கிடைத்துவிடும்.

செய்யவே கூடாதது, ஆளுக்கொரு வரி எழுந்து நின்று வாசிக்கச் சொல்வது. 38 பேருக்கு 20 நிமிடத்தைப் பங்கு போட்டால் ஒருவருக்கு அரை நிமிடம்தான் வரும். மற்ற நேரமெல்லாம் தன் வரி எது என்று எண்ணிக்கொண்டிருப்பதுதான் வேலை. அதற்குப் பதில் இரண்டிரண்டு பேராக ஒரு புத்தகம் கொடுங்கள். 19 புத்தகம், 15 நிமிடம். நன்றாக வாசிக்கிறவரோடு சுமாராக வாசிப்பவரைச் சேருங்கள். மிகவும் திணறுபவரோடு மிக வேகமாக வாசிப்பவரைச் சேர்த்தால் ஒருவரே முழுவதையும் வாசித்து முடித்துவிடுவார்.

நேரத்துக்கு வருவோம். வாரத்துக்கு ஒரு முழு பீரியட் ஒதுக்கப் பார்க்காதீர்கள். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுதான். மதிய உணவுக்குப் பிந்திய 15 நிமிடத்தை நாள்தோறும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது எப்படியும் பாடம் ஏறாது. வாரத்தில் 75 நிமிடம் கிடைத்துவிடும்: மூன்று நாள் மேலே சொன்ன வாசிப்பு, ஒரு நாள் இருவர் வாசிப்பு, ஒரு நாள் புத்தகம் மாற்றுவது. தலைமையாசிரியர் கேட்டால் மூன்றாம் நாள் பிள்ளைகள் கதை சொல்வதைக் கேட்க அழையுங்கள்.

அந்தப் பூட்டு. நூலகவியலுக்கு ஐந்து விதிகளை 1931இல் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன், புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார். ஆனால் 60ஐயும் ஒரேயடியாக வெளியே வைக்க வேண்டியதில்லை. சுவரோரம் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் ஒரு கயிறு கட்டி, 20 புத்தகங்களை அட்டை தெரியும்படி தொங்கவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கிய மெலிந்த புத்தகங்களைச் சின்னப் பிள்ளைகள் எடுப்பதில்லை. புத்தக எண், பெயர், எடுத்த நாள், தந்த நாள் என்று நான்கு பத்தி போட்ட ஒரு நோட்டு. அதை எழுத வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குக் கொடுக்கும்போது ஒரு துணிப்பையோ கெட்டி உறையோ சேர்த்துக் கொடுங்கள். பெரும்பாலான கிழிசல் புத்தகப்பைக்குள் தண்ணீர்ப் புட்டிக்கும் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் நடுவில் நேர்வது, வாசிக்கும்போது அல்ல.

பணம் கேட்க வேண்டாம். ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளை மறுபடி புத்தகம் எடுக்காது. மற்றவர்கள் கிழிந்ததை மறைப்பார்கள். "கிழிஞ்சா இதுல போடுங்க" என்று ஒரு அட்டைப்பெட்டி வைத்து, மாதம் ஒருநாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்டுங்கள். செலோடேப் வேண்டாம், நாளாக ஆகப் பழுப்பேறும், பசை கசிந்து அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத்தாளை விரலகலத்துக்குக் கிழித்து வெள்ளைப் பசையால் ஒட்டி, காயும்வரை இருபுறமும் பாலித்தீன் தாள் வைத்துக் கனம் ஏற்றுங்கள். நடுப்பக்கம் ஸ்டேப்ளர் பின்னிலிருந்து கழன்று வந்திருந்தால் பின்களைப் பிடுங்கிவிட்டுத் தைத்துவிடலாம். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேல்விளிம்பிலிருந்தும் கீழ்விளிம்பிலிருந்தும் 3 செ.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொன்று. புத்தக உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளத்துக்குக் கெட்டி நூல் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு நுனியும் உள்ளே ஓடும் நீண்ட நூலுக்கு இருபுறமும் இருக்கும்படி வைத்து, அதன்மேல் இரட்டை முடிச்சு. முடிச்சை ஒட்ட வெட்டினால் அவிழ்ந்துவிடும்; ஒரு செ.மீ. நூலை விட்டுவிட்டு வெட்டுங்கள்.